கூட்டமைப்பு மாற்றமும் நட்புமுறை ஆட்டங்களும்: காற்பந்து எழுதத் தொடங்குவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் தமிழில் காற்பந்து பற்றி எழுதவும் நேர்முக வருணனை செய்யவும் முன்வரும் இளைஞர்கள் ஆண்டுக்கு ஆண்டு கூடி வருகிறார்கள். தோட்டத்துத் திடலில் நடக்கும் எழுவர் காற்பந்துப் போட்டிக்கு ஒலிவாங்கி பிடித்துப் பழகியவர்கள், அடுத்த கட்டமாகத் தேசியக் குழுக்களைப் பற்றிக் குறிப்பெழுத உட்காரும்போது, எங்கள் தலைமுறை செய்த அதே பிழைகளை ஒன்று விடாமல் திரும்பச் செய்கிறார்கள். ஆட்டக்காரரின் பெயரைத் தவறாக உச்சரிப்பது, கோல் எண்ணிக்கையை மாற்றிச் சொல்வது போன்றவற்றை இங்கே எடுக்கப் போவதில்லை. அவற்றைக் கூட்டமே கத்தித் திருத்திவிடும். கூட்டத்துக்கும் தெரியாமல் நழுவிவிடும் தவறுகளைப் பற்றித்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.

நிலப்படத்தைப் பார்த்துக் கூட்டமைப்பைச் சொல்வது

தேசியக் குழுக்கள் கண்டவாரியான கூட்டமைப்புகளின்கீழ் ஆடுகின்றன; ஆனால் நிலப்படமும் கூட்டமைப்பும் எப்போதும் ஒத்துப்போவதில்லை. கயானாவும் சுரினாமும் தென் அமெரிக்க மண்ணில் இருக்கின்றன. ஆனால் அவை ஆடுவது வட, மத்திய அமெரிக்க, கரீபிய நாடுகளின் கூட்டமைப்பான கான்காகாஃபில். இஸ்ரேல் 1964இல் ஆசியக் கிண்ணத்தை வென்ற நாடு. 1974இல் ஆசியக் கூட்டமைப்பிலிருந்து வெளியேற்றப்பட்ட பிறகு, 1986, 1990 உலகக் கிண்ணத் தகுதிச் சுற்றுகளை ஓசியானியா நாடுகளோடு ஆடி, 1994இல்தான் ஐரோப்பியக் கூட்டமைப்பின் முழு உறுப்பினரானது. கஜகஸ்தான் 2002இல் ஆசியாவை விட்டு ஐரோப்பாவுக்குப் போனது. சீன தைப்பே, ஆசியாவிலிருந்து ஓசியானியாவுக்குப் போய்ப் பல ஆண்டுகள் கழித்துத் திரும்பி வந்தது. ஆகவே ஒரு பழைய ஆட்டத்தைப் பற்றி எழுதும்போது, அந்த நாடு இன்று எங்கே இருக்கிறது என்பதை விட, அந்த ஆட்டம் நடந்த நாளில் எங்கே இருந்தது என்பதையே பார்க்க வேண்டும்.

31-0 தான் காரணம் என்று முடித்துவிடுவது

ஆஸ்திரேலியா ஏன் ஓசியானியாவை விட்டு ஆசியாவுக்கு வந்தது என்று கேட்டால், 2001 ஏப்ரலில் அமெரிக்கச் சமோவாவை 31-0 என்று வென்ற கதையைச் சொல்லி எல்லாரும் நிறுத்திக்கொள்கிறார்கள். அந்த ஆட்டத்தில் ஆர்ச்சி தாம்சன் மட்டுமே 13 கோல்கள் அடித்தார் என்பதால் கதை சுவையாகத்தான் இருக்கிறது. ஆனால் எளிதாக வெல்வது மட்டுமே ஒரு நாட்டின் காற்பந்துச் சங்கத்தை வீடு மாறச் செய்யாது. அந்தக் காலத்தில் ஓசியானியாவின் வெற்றியாளருக்கு உலகக் கிண்ணத்தில் நேரடி இடம் கிடையாது; 2026 கிண்ணத்துக்குத்தான் அது வந்தது. வேறொரு கண்டத்துக் குழுவோடு இறுதித் தகுதி ஆட்டங்கள் ஆடியே உள்ளே நுழைய வேண்டியிருந்தது. அந்த வாசலில் ஆஸ்திரேலியா 1993இல் அர்ஜென்டினாவிடமும், 1997இல் ஈரானிடமும், 2001இல் உருகுவேயிடமும் முட்டி நின்றது. நான்காண்டு உழைப்பு இரண்டே ஆட்டங்களில் கரைந்துபோவதைத் திரும்பத் திரும்பப் பார்த்த சங்கம், ஆண்டு முழுவதும் கடினமான ஆட்டங்களும் நேரடி இடங்களும் உள்ள கூட்டமைப்பைத் தேடியது. 31-0 என்பது அந்தத் தேடலை வெளியில் இருப்போருக்குப் புரியவைத்த எண் மட்டுமே.

ஒப்புதல் கிடைத்த ஆண்டையும் நடைமுறைக்கு வந்த நாளையும் குழப்புவது

ஆஸ்திரேலியாவின் மாற்றத்துக்கு 2005இல் ஒப்புதல் கிடைத்தது. அது நடைமுறைக்கு வந்தது 2006 ஜனவரி 1 அன்று. இடையில், 2005 நவம்பர் 16 அன்று சிட்னியில் உருகுவேயைப் பினால்டியில் வென்று உலகக் கிண்ணத்துக்குத் தகுதி பெற்றபோது, அது ஓசியானியாவின் குழுவாகவே ஆடியது. எனவே 2006இல் ஜெர்மனியில் ஜப்பானை 3-1 என்று வென்ற ஆஸ்திரேலியா, அன்றைய நிலையில் ஆசிய உறுப்பினர். ஆனால் கையில் வைத்திருந்ததோ ஓசியானியாவின் வழியாகப் பெற்ற இடம். இந்த ஒரு வாக்கியத்தைச் சரியாக எழுதிவிட்ட இளைஞரை நான் இதுவரை பார்த்ததில்லை.

விரும்பினால் மாறிக்கொள்ளலாம் என்று நினைப்பது

புதிய கூட்டமைப்பு ஏற்க வேண்டும். நிலப்படத்தின்படி அந்த நாடு சேர வேண்டிய கூட்டமைப்பின் கருத்தைக் கேட்க வேண்டும். ஃபிஃபாவும் அதை விதிவிலக்காகக் கருதி அனுமதிக்க வேண்டும். 2022 பிப்ரவரியில் போட்டிகளிலிருந்து இடைநீக்கம் செய்யப்பட்ட ரஷ்யா, அந்த ஆண்டின் இறுதியில் ஆசியாவுக்கு மாறுவது பற்றி வெளிப்படையாகவே ஆலோசித்து, கடைசியில் ஐரோப்பாவிலேயே தங்கிவிட்டது. ஆசிய நாடுகளோடு அது தொடர்ந்து நட்புமுறை ஆட்டங்கள் ஆடுவதைப் பார்த்து, "மாறிவிட்டது" என்று எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். யாரோடு ஆடுகிறது என்பது உறுப்பியத்துக்குச் சான்று ஆகாது.

வட்டார அமைப்பைக் கூட்டமைப்பு என்று எழுதுவது

தென்கிழக்காசிய நாடுகளின் ஆசியான் காற்பந்து சம்மேளனம் வேறு, கோலாலம்பூர் புக்கிட் ஜாலிலில் தலைமையகம் வைத்திருக்கும் ஆசியக் காற்பந்துக் கூட்டமைப்பு வேறு. கலக்காதீர்கள்.

நாளைப் பார்க்காமல் நட்புமுறை ஆட்டத்தை அறிவிப்பது

மற்ற தவறுகள் எழுத்தோடு போய்விடும். இது மட்டும் ஊர்ப் பணத்தையும் கொண்டு போகும். அதனால்தான் இன்றளவும் எனக்கு இதன்மீது எரிச்சல் அடங்கவில்லை.

சில ஆண்டுகளுக்கு முன், புகழ்பெற்ற வெளிநாட்டுத் தேசியக் குழு ஒன்று கோலாலம்பூருக்கு வருகிறது என்ற சுவரொட்டி எங்கள் ஊர் மாமாக் கடையின் குளிர்பானப் பெட்டியில் ஒட்டப்பட்டது. ஐரோப்பிய லீக்கில் ஆடும் நட்சத்திரத்தின் முகம் அதில் பாதி இடத்தைப் பிடித்திருக்க, ஆட்ட நாளோ அடியில், விளம்பரதாரர் சின்னங்களுக்கு நடுவே, கண்ணை இடுக்கிப் படிக்க வேண்டிய அளவில் இருந்தது. பையன்கள் முகத்தைப் பார்த்தார்கள். பேருந்துக்கு முன்பணம் கட்டினார்கள். தோட்டம் தோட்டமாகப் போய் இருக்கைகளை விற்றார்கள். நாளைப் படித்துவிட்டு, அந்த வாரத்தில் அந்த ஆட்டக்காரருக்கு லீக் ஆட்டம் இருக்கிறதே என்று நான் சொன்னபோது, ஏற்பாட்டாளர்களில் ஒருவர், "தேசியக் குழு கூப்பிட்டால் வராமல் இருக்க முடியுமா அண்ணே?" என்றார். முடியும் தம்பி, தாராளமாக முடியும் என்றேன். அதை யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. வந்து இறங்கியது இளையோர் குழுவுக்கு இரண்டு மூத்தவர்களைச் சேர்த்தது போன்ற ஒரு பட்டியல். ரசிகர்கள் கட்டிய பணத்தைக் கேட்டபோது, பேருந்துக்காரர் சொன்ன பதிலில் குறை காண முடியாது: "நான் புக்கிட் ஜாலிலுக்குக் கொண்டு போய் விட்டேன்; உள்ளே யார் ஆடினார்கள் என்பதற்கு நான் பொறுப்பில்லை."

நடைமுறை இதுதான். ஃபிஃபாவின் அனைத்துலக நாள்காட்டியில் குறிக்கப்பட்ட நாள்களில் மட்டுமே, அழைக்கப்பட்ட ஆட்டக்காரரைக் கழகம் கட்டாயமாக அனுப்ப வேண்டும். அந்த ஃபிஃபா நாள்கள் பொதுவாக ஒரு திங்கட்கிழமை தொடங்கி அடுத்த வாரச் செவ்வாய்க்கிழமை முடியும்; அதற்குள் ஒரு தேசியக் குழு இரண்டு ஆட்டங்கள் ஆடலாம். 2026 முதல் செப்டம்பர், அக்டோபர் காலங்கள் ஒன்றாக்கப்பட்டு, 16 நாள்களில் நான்கு ஆட்டங்கள் வரை ஆட இடம் தரப்பட்டுள்ளது. இந்த நாள்களுக்கு வெளியே ஆட்டம் வைக்கக் கூடாது என்றில்லை. ஆனால் ஆட்டக்காரரை விடுவதும் விடாததும் கழகத்தின் விருப்பம். டிசம்பரில் நடந்துவந்த ஆசியான் வெற்றியாளர் போட்டிகளுக்கு நம் குழுவே முழு வலுவில் போக முடியாமல் திணறியதற்கு இதுவே காரணம்.

ஏற்பாட்டாளர்கள் எண்ணிப் பார்க்காத இன்னொரு விதியும் உண்டு. வழக்கமான ஃபிஃபா நாள்களில் வரும் இரண்டு ஆட்டங்களும் ஒரே கூட்டமைப்பின் எல்லைக்குள் நடக்க வேண்டும் என்பது பொது விதி. இரண்டில் ஒன்றாவது நட்புமுறை ஆட்டமாக இருந்தால் வேறு கூட்டமைப்பின் மண்ணில் ஆடலாம். ஆனால் இரு திடல்களுக்கும் இடையே விமானப் பயணம் ஐந்து மணி நேரத்தையும், நேர வேறுபாடு இரண்டு மண்டலங்களையும் தாண்டக் கூடாது. வெள்ளிக்கிழமை ஐரோப்பாவில் ஆடிவிட்டுச் செவ்வாய்க்கிழமை கோலாலம்பூரில் ஆட வருகிறார்கள் என்று யாராவது சொன்னால், இந்த விதியை நினைத்துக்கொண்டு, முன்பணத்தைச் சட்டைப் பையிலேயே வைத்திருங்கள். அது போக, இரண்டு தேசியக் குழுக்களின் முதன்மை அணிகள் மோதும் ஆட்டத்துக்குச் சங்கங்கள், கூட்டமைப்புகள், ஃபிஃபா ஆகிய அனைத்தின் அனுமதியும் தேவை. சங்கம் தன் பெயரில் வெளியிட்ட அறிவிப்பு கைக்கு வரும் வரை, சுவரொட்டி என்பது ஒருவருடைய ஆசை மட்டுமே.

தரவரிசைப் புள்ளியும் நாளைப் பொறுத்தே அமைகிறது. ஃபிஃபா நாள்களில் நடக்கும் நட்புமுறை ஆட்டத்தின் எடை, அதாவது புள்ளிக் கணக்கில் அதற்குத் தரப்படும் மதிப்பு, 10. வெளியே நடந்தால் 5. உலகக் கிண்ணத் தகுதிச் சுற்றுக்கு 25. சம வலுவுள்ள இரு குழுக்கள் மோதினால், வென்றவருக்கு முறையே 5, 2.5, 12.5 புள்ளிகள் கிடைக்கும். நம்மை விட 600 புள்ளிகள் குறைந்த குழுவை வீட்டுக்கு அழைத்து வந்து ஃபிஃபா நாள்களில் வென்றால் ஒரு புள்ளிகூட முழுதாகத் தேறாது. தோற்றால் ஒன்பதுக்கு மேல் போய்விடும். இந்தக் கணக்கைப் போடாமல், "எளிய எதிரியைக் கூப்பிட்டுத் தரவரிசையை உயர்த்தலாம்" என்று எழுதுவதை நிறுத்தினால் நல்லது.

போலந்து உத்தியை இன்றும் பரிந்துரைப்பது

ஏறத்தாழ ஓராண்டு நட்புமுறை ஆட்டங்களைத் தவிர்த்து, 2018 உலகக் கிண்ணக் குலுக்கலில் போலந்து, தரவரிசையில் முன்னிலையில் இருப்போருக்கான முதல் கூடையில் இடம் பிடித்தது மொத்தப் புள்ளியை ஆட்டங்களின் எண்ணிக்கையால் வகுத்ததால், எடை குறைந்த நட்புமுறை ஆட்டம் சராசரியைக் கீழே இழுத்த பழைய கணக்கின் காலத்தில். அந்தக் கணக்கு 2018 ஆகஸ்டோடு போய்விட்டது.

மாற்று ஆட்டக்காரர்களை எண்ணாமல் விடுவது

2003இல் ஆஸ்திரேலியாவுக்கு எதிரான நட்புமுறை ஆட்டத்தின் இடைவேளையில் இங்கிலாந்து பதினொருவரையும் மாற்றியது. 1-3 என்று தோற்கவும் செய்தது. இப்படிப்பட்ட கூத்துகளுக்குப் பிறகு, 2004இல் மாற்று ஆட்டக்காரர்களின் எண்ணிக்கை ஆறு என்று கட்டுப்படுத்தப்பட்டது. 2014 மே மாதம் லக்சம்பர்க்கை 5-1 என்று வென்ற பெல்ஜியம் ஏழு பேரை இறக்கியதால், அந்த ஆட்டம் அனைத்துலக ஆட்டமாக ஏற்கப்படவில்லை. லுகாகு அடித்த மூன்று கோல்களும் அவருடைய கணக்கில் சேராமல் போயின. வருணனைக்கு உட்காரும் தம்பிகள், அன்றைய வரம்பு எத்தனை என்பதை ஆட்டம் தொடங்கும் முன்பே அதிகாரிகளிடம் கேட்டுத் தாளின் மேல்மூலையில் எழுதிக்கொண்டு, ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஒரு கோடு போட்டுக்கொண்டே வாருங்கள்.