மார்ச் மாதத்திலிருந்து தாமதமான கிரான்

அமெரிக்கக் கிழக்குக் கரை நேரத்தில் ஓடும் மெயின்ஃபிரேம் (பெரிய நிறுவனக் கணினி), இயங்குதளம் ஐபிஎம்மின் இசட்/ஓஎஸ். மார்ச் இரண்டாம் ஞாயிறு கடிகாரம் முன்னே நகர்ந்ததிலிருந்து, அதன் யூனிக்ஸ் பகுதியில் கிரான் (குறித்த நேரத்தில் வேலைகளைத் தானாகக் கிளப்பும் நிரல்) 6 மணிக்குக் கிளப்ப வேண்டிய ஃபைல் டிரான்ஸ்ஃபர் 7 மணிக்குக் கிளம்பியது. கன்சோலில் நேரம் சரி. யூனிக்ஸுக்கு வெளியே ஓடும் பேட்ச் (தொகுப்பு) வேலைகளும் சரி. ஷெல்லில் (கட்டளை அடிக்கும் இடம்) நுழைந்து, நேரம் காட்டும் 'டேட்' கட்டளையை அடித்தால் அதுவும் சரி! இதில்தான் நாட்கள் வீணாயின.

நாம் ஷெல்லில் நுழையும்போது படிக்கப்படுவது ஈடிசி என்ற அமைப்புக் கோப்புறையில் உள்ள புரொஃபைல் கோப்பு. கிரான் அதைத் தொடுவதே இல்லை. ஐபிஎல்லின்போது (மெயின்ஃபிரேமைத் தொடங்கும்போது) கிளம்பி, ஈடிசியில் உள்ள இனிட்.ஆப்ஷன்ஸ் கோப்பின் டிஇசட் (நேர மண்டலம்) மதிப்பை எடுத்துக்கொள்கிறது. அதில் கிழக்குக் கரையின் வழக்கமான நேரத்தைக் குறிக்கும் 'ஈஎஸ்டி5' மட்டும் இருந்தது; கோடைக்கால நேரத்தைக் குறிக்கும் 'ஈடிடி' இல்லை. குளிர்காலம் முழுக்க இது பிழையென்றே தெரியாது.

'ஈஎஸ்டி5ஈடிடி' என்று திருத்தினேன். அடுத்த ஐபிஎல்வரை காத்திருக்க முடியாது, அதனால் அதே மதிப்பை ஷெல்லில் எக்ஸ்போர்ட் செய்து (அங்கிருந்து தொடங்கும் நிரல்களுக்கும் கிடைக்கச் செய்து) கிரானை நிறுத்தித் தொடங்கினேன். மறுநாள் 6 மணிக்கே ஃபைல் போனது. அப்பாடா.