பாட்டைப் போடும் முன் காதைக் கொடுங்கள்

இணைய இசைக் குழுவில் சேர்ந்த அன்றே தன் பாட்டின் லிங்கைப் போட்டு, "கேட்டுட்டு சொல்லுங்க" என்று எழுதிவிட்டு ஆளே காணாமல் போவதுதான் புதிதாக வருபவர்கள் அதிகம் செய்கிற தவறு. நானும் செய்திருக்கிறேன். ஒரே மாலையில் ஒரே பாட்டை மூன்று இடத்தில் போட்டேன், யாரும் கேட்கவில்லை. குழுவைப் பார்த்துக்கொள்பவர் தனியாகச் செய்தி அனுப்பினார்: "முதலில் மற்றவர்கள் பாட்டு மூன்றைக் கேட்டு எழுதுங்கள், அப்புறம் போடுங்கள்." அப்போது கோபம் வந்தது. ஆனால் நியாயம் அவர் பக்கம்தான். புகைப்படத்தை ஒரு நொடியில் பார்த்துவிடலாம்; நான்கு நிமிடப் பாட்டைக் கேட்க நான்கு நிமிடம் உட்கார வேண்டும்.

சரி, கேட்டாயிற்று. என்ன எழுதுவது? "சூப்பர்", "தேறாது" இரண்டாலும் பாட்டு போட்டவருக்கு ஒரு பயனும் இல்லை. இடத்தைச் சுட்டி எழுதுங்கள். என் பாட்டுக்கு ஒருவர் எழுதியது: "0:52-ல் பேஸ் கிட்டாரும் கிக் டிரம்மும் ஒன்றின் மேல் ஒன்று விழுகின்றன, இரண்டுமே தெளிவாக இல்லை. இரண்டாம் சரணத்தில் 'ஸ' வரும்போதெல்லாம் காதில் சீறுகிறது." அவ்வளவுதான். அன்றிரவே இரண்டையும் சரிசெய்ய முடிந்தது.

எதில் கேட்கிறீர்கள் என்பதும் முக்கியம். பேஸ் கிட்டாரின் தடித்த தந்தி சுமார் 41 ஹெர்ட்ஸில், அதாவது மிகத் தாழ்ந்த சுருதியில் ஒலிக்கும். போனின் சின்ன ஸ்பீக்கரில் அந்த ஒலி சரியாக வராது. அதில் கேட்டுவிட்டு "பேஸ் பத்தலை" என்று எழுதினால், அதை நம்பிப் பாட்டு போட்டவர் நல்ல மிக்ஸை (எல்லா ஒலிகளையும் அளவாகக் கலந்து வைத்ததை) கெடுத்துக்கொள்வார். பாட்டு வெளியாகிவிட்டதா, இன்னும் வேலை நடக்கிறதா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள்.

அடுத்த தவறு, இலவசமாகக் கிடைக்கிறது என்பதால் மற்றவர்கள் இசையை இஷ்டத்துக்கு எடுத்துக்கொள்வது. தன் படைப்பை மற்றவர்கள் எப்படிப் பயன்படுத்தலாம் என்று ஆக்கியவரே முன்கூட்டிச் சொல்லிவிடும் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமங்கள் 2002-இல் வந்தன. அவை எல்லாம் ஒன்றல்ல. 'பிஒய்' என்றிருந்தால் ஆக்கியவர் பெயரைச் சொல்லியே ஆக வேண்டும். 'என்சி' என்றிருந்தால் வணிகத்துக்குக் கூடாது. 'என்டி' என்றிருந்தால் ரீமிக்ஸ் செய்து வெளியிடக் கூடாது. உரிமமே குறிப்பிடவில்லை என்றால் கேட்டு அனுமதி வாங்குங்கள். சேர்ந்து வேலை செய்ய ட்ராக்குகளை (ஒவ்வொரு கருவிக்கும் குரலுக்குமான தனித்தனிப் பதிவுகளை) அனுப்பும்போது எல்லாவற்றையும் பாட்டின் தொடக்கத்திலிருந்தே வெட்டாமல் அனுப்பி, டெம்போவை, அதாவது பாட்டின் வேகத்தை, கோப்பின் பெயரிலேயே எழுதிவிடுங்கள். பெறுபவருக்கு ஒரு மணி நேரம் மிச்சம்.

இப்போது புதிதாக ஒரு தவறு சேர்ந்திருக்கிறது: செயற்கை நுண்ணறிவு பாடியதைத் தன் குரல் என்று போடுவது. கருவியைப் பயன்படுத்துவதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் சொல்லிவிட்டுப் போடுங்கள். எங்கே மூச்சு எடுத்தால் அந்த வரி நன்றாக வரும் என்று ஒருவர் அக்கறையோடு பத்து வரி எழுதுகிறார். அங்கே மூச்சு விடுகிற ஆளே இல்லை என்று பிறகு தெரிந்தால், அடுத்த பாடகருக்கு அவர் எழுதவே மாட்டார். நஷ்டம் அந்தப் பாடகருக்கு.

இப்படி யாராவது தவறு செய்தால் எல்லோர் முன்னாலும் வறுத்தெடுக்காதீர்கள். எனக்கு வந்த அந்தச் செய்தி தனியாக வந்ததால்தான் நான் குழுவில் நின்றேன். பொதுவில் வந்திருந்தால் என் பக்க நியாயத்தைப் பேசிவிட்டு வெளியேறியிருப்பேன்.

உங்கள் பாட்டைப் பற்றிக் குறை வந்தாலும் வரிக்கு வரி பதில் சொல்ல வேண்டாம். நன்றி சொல்லுங்கள், ஒரு நாள் ஆறப்போட்டு மறுபடி கேளுங்கள். ஒப்புக்கொள்ள முடிந்ததை மாற்றுங்கள், முடியாததை விடுங்கள். மாற்றியதும் சொன்னவரிடமே போய், "0:52 சரியாயிடுச்சா, கேட்டுப் பாருங்க" என்று புதிய மிக்ஸைக் கொடுங்கள். எனக்கு எழுதியவர் அதைக் கேட்டுவிட்டு, தன் பாட்டு ஒன்றை முதன்முறையாக எனக்கு அனுப்பினார்.