சிவாலய ஓட்டத்தின் கடைசி நாள்: ஈர வேட்டியைக் கவனியுங்கள்

மகா சிவராத்திரியை ஒட்டி, கன்னியாகுமரி மாவட்டத்தில் முன்சிறை திருமலையில் தொடங்கி 12 சிவாலயங்களை வெறுங்காலுடன் வணங்கிச் செல்லும் சிவாலய ஓட்டத்தின் இறுதி நாளில், பலரைத் தளரச் செய்வது தூரத்தை விட, கோவில்தோறும் குளித்துவிட்டு ஈர வேட்டியுடனேயே நடப்பதால் தொடையிடுக்கில் ஏற்படும் உராய்வுப் புண்தான். ஆகவே ஏழாவது கோவிலான கல்குளத்தில் குளித்ததும் வேட்டியை நன்றாகப் பிழிந்து உதறிக் கட்டுங்கள். தொடையிடுக்கில் தேங்காய் எண்ணெய் தடவிக்கொள்வது நல்லது. உள்ளங்காலில் கொப்புளம் இருந்தால் உடைக்காமல், தார்ச்சாலையை விட்டு ஓரத்து மண்ணில் நடக்கலாம்; வெறுங்காலுக்கு நண்பகல் தார் மிகவும் கொடியது. வழியில் கிடைக்கும் மோரையும் பானகத்தையும் (ஓட்டக்காரர்களுக்கு அதில் குறைவே இராது) சிறிது சிறிதாகக் குடியுங்கள். பதினோராவது கோவிலான திருப்பன்றிக்கோட்டைக் கடந்ததும், கடைசிக் கோவிலான திருநட்டாலம் நெருங்கிவிட்டதே என்று வேகத்தைக் கூட்டாதீர்கள், கெண்டைக்கால் பிடித்துக்கொள்ளக்கூடும்.