அம்மம்மா ஏன் குளிசையை விட்டுவிடுகிறார்?

வெள்ளவத்தையில் இருக்கும் எங்கள் அம்மம்மா மூட்டுவாதக் குளிசையை அடிக்கடி விட்டுவிடுவார், மறதி என்றுதான் நினைத்திருந்தோம். ஒருநாள் பக்கத்தில் இருந்து பார்த்தபோதுதான் விளங்கியது, வீங்கிய விரல்களால் போத்தல் மூடியை அழுத்தித் திருக முடியவில்லை, உதவி கேட்கவும் கூச்சம். பாமசியில் சொல்லி லேசாகத் திறக்கும் மூடி வாங்கினோம், இப்போது தானே எடுக்கிறார்.

அப்புறம், மூட்டுவாதத்துக்குத் தரும் மெதோட்ரெக்சேட் கிழமைக்கு 1 நாள்தான், தினமும் போட்டால் உயிருக்கே ஆபத்து, அதனால் எந்த நாள் என்று பெட்டியில் பெரிதாக எழுதிவிடுங்கள். எலும்பு நலிவுக்கான அலென்ட்ரோனேட்டை வெறும் வயிற்றில் வெறும் தண்ணீருடன் விழுங்கி, குறைந்தது 30 நிமிடம் படுக்காமல் இருக்கவேண்டும், இந்தச் சிரமத்தாலேயே சிலர் விட்டுவிடுகிறார்கள். உங்கள் வீட்டுப் பெரியவரிடமும் வயிறு எரிகிறதா, நோவு குறைந்ததும் நிறுத்திவிடுகிறாரா என்று ஏசாமல் கேட்டு, அடுத்த கிளினிக்கில் டொக்டரிடம் சொல்லுங்கள்.