ஜப்பான் ஆர்பிஜி வாங்கப் போகிறீர்களா? முதலில் சால்னாவைப் பாருங்கள்

போன சித்திரைத் திருவிழாவுக்கு வந்த என் தம்பி மகன், போனில் ஒரு பட்டியலோடு வந்தான். 11 ஜப்பானிய ஆர்பிஜி கேம்கள்; ஆர்பிஜி என்றால் ரோல் பிளேயிங் கேம், கதையில் ஒரு பாத்திரமாக நாமே நடந்து, சண்டை போட்டு, வளர்கிற கேம். கல்லூரியில் இரண்டாம் வருடம் படிக்கிறான். கையில் 2,000 ரூபாய், ஒரு சுமாரான லேப்டாப், வரப்போகிற லீவு. "அத்தை, இதுல எதை வாங்குறது?" என்றான்.

நான் கீழமாசி வீதியில் ஒரு மளிகை மொத்தக் கடையில் கணக்கு எழுதுகிறவள். இருபது வருடமாக இந்த கேம்களை விளையாடுகிறேன் என்பது கடையில் யாருக்கும் தெரியாது. இவனுக்குத் தெரியும். கல்யாணமானதும் இவன் அப்பா மூலையில் போட்டுவிட்ட பிளேஸ்டேஷன் 2-ஐத் துடைத்து எடுத்துக்கொண்டு வந்தது நான்தான்.

அவன் பட்டியலில் 7 பெயரை ஒரே நிமிடத்தில் அடித்தேன். முகம் தொங்கிப்போனது. அந்த ஏழும் மோசம் என்று நான் சொல்லவில்லை. அவனுக்கு இப்போது வேண்டாம், அவ்வளவுதான்.

புதிதாக ஒரு பரோட்டாக் கடைக்குப் போனால் நான் கறி தோசை கேட்பதில்லை. இரண்டு பரோட்டா, அதற்குச் சும்மா ஊற்றுகிற சால்னா. அது வாயில் வைக்கிற மாதிரி இல்லையென்றால் எழுந்து வந்துவிடலாம். காசு வாங்கிக்கொண்டு செய்கிற ஐட்டத்தை எல்லோரும் பார்த்துச் செய்வார்கள்; சால்னாவில்தான் கடைக்காரர் மனசு தெரியும். ஜப்பான் ஆர்பிஜியில் சால்னா என்பது சாதாரணச் சண்டை. கதையின் பெரிய வில்லனோடு போடும் சண்டை இல்லை. ஊருக்கு வெளியே கால் வைத்தவுடன் வருமே, பெயர் தெரியாத நாலு பூச்சி, அதோடு போடும் சண்டை.

1986-இல் யூஜி ஹோரி என்பவர், ஃபேமிகாம் என்ற நிண்டெண்டோ கேம் பெட்டிக்கு டிராகன் குவெஸ்ட் என்ற கேமைச் செய்தபோதே இந்த வகையின் எலும்புக்கூடு வந்துவிட்டது. நட, எதிரி வரும், முறை வைத்து அடி, அனுபவப் புள்ளி வாங்கு (சேரச் சேர நாயகன் பலமாவான்), சத்திரத்தில் தூங்கு, மறுபடி நட. இன்றைக்குப் படம் சினிமா மாதிரி இருக்கிறது, ஆனால் எலும்பு அதேதான். 50 மணி நேர கேம் என்றால் அதில் சில நூறு தடவை இந்தச் சின்னச் சண்டையைப் போடப் போகிறீர்கள். டிரெய்லரில் அதைக் காட்டவே மாட்டார்கள்.

அதனால் டிரெய்லர் பார்க்காதீர்கள். யூடியூபில் யாராவது பேசாமல் முழு கேமையும் விளையாடிப் பதிவேற்றியிருப்பார்கள். அதில் பத்தாவது மணி நேரத்துக்குப் போய் ஒரு சின்னச் சண்டையை மட்டும் பாருங்கள். ஐந்து நிமிடம் போதும், கதை கெடாது. ஒரே ஒரு கேள்வி: ஒரே பட்டனை அமுக்கிக்கொண்டே இருந்தால் அந்தச் சண்டையில் ஜெயித்துவிடலாமா? முதல் ஊரில் அப்படி இருந்தால் தப்பில்லை. பத்தாவது மணி நேரத்திலும் அப்படியே என்றால் வாங்காதீர்கள்.

நல்ல சால்னா எப்படி இருக்கும்? ஆக்டோபாத் டிராவலர், 2018-இல் வந்தது. ஒவ்வொரு எதிரியின் காலடியிலும் ஒரு கேடயமும் அதில் ஒரு எண்ணும் இருக்கும். 4 என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்குப் பக்கத்தில் கேள்விக்குறிகள். அந்த எதிரிக்கு எது ஆகாது என்று நாம்தான் கண்டுபிடிக்க வேண்டும். வாளால் அடித்தால் ஒன்றும் இல்லை. ஈட்டியால் குத்தினால் 4 என்பது 3 ஆகிறது, ஒரு கேள்விக்குறி ஈட்டிப் படமாக மாறுகிறது. நமக்கோ முறைக்கு ஒரு புள்ளி சேர்கிறது. மூன்று புள்ளி வரை ஒரே அடியில் செலவழிக்கலாம். எண்ணைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்தால் எதிரி தடுமாறி நிற்பான், அடுத்த முறை அவனுக்குக் கிடையாது, அடியும் பலமாக விழும். இப்போது புள்ளியைச் செலவழித்து உடைப்பதா, உடைந்த பிறகு மொத்தமாகக் கொட்டுவதா? பற்று வரவு பார்க்கிறவளுக்கு இதைவிட என்ன வேண்டும். ஒரு சாதாரண ஓநாய்க்கு இவ்வளவு கணக்கு.

பெர்சோனா 5-இல் வேறு மாதிரி. எதிரிக்கு ஆகாததால் அடித்தால் அவன் விழுவான், நமக்கு இன்னொரு முறை கிடைக்கும். எல்லோரையும் விழ வைத்தால் சுற்றி நின்று மொத்தமாக அடிக்கலாம், இல்லை பேரம் பேசலாம்: காசு கொடு, பொருள் கொடு, இல்லை என்னோடு சேர்ந்துவிடு என்று. எதிரியிடமே பேரம்! காய்கறி மார்க்கெட்டில் பழகிய கைக்கு இது தனிச் சுகம்.

அவனுக்காக நான் தேர்ந்தெடுத்தது இரண்டும் இல்லை. க்ரோனோ டிரிக்கர். 1995-இல் வந்தது, இன்றைக்குப் போனிலும் லேப்டாப்பிலும் கிடைக்கிறது. ஃபைனல் ஃபேன்டஸி என்ற கேம் வரிசையைத் தொடங்கிய சகாகுச்சி, டிராகன் குவெஸ்டின் ஹோரி, டிராகன் பால் காமிக்ஸ் வரைந்த டோரியாமா மூன்று பேரும் சேர்ந்தது. அதில் எதிரிகள் திடீரென்று வானத்திலிருந்து குதிப்பதில்லை. பெரும்பாலும் நாம் நடக்கும் இடத்திலேயே கண்ணுக்குத் தெரிவார்கள். சண்டையின்போது அவர்கள் நகர்ந்துகொண்டே இருப்பார்கள். நாயகனிடம் சுழன்று வெட்டும் ஒரு வித்தை இருக்கிறது, பக்கத்தில் இருப்பவர்களுக்கும் சேர்த்து விழும். உடனே வெட்டினால் ஒருவன்தான் சாவான். ஒரு விநாடி பொறுத்தால் இரண்டு பேர் ஒட்டி வருவார்கள். அந்த ஒரு விநாடிக்குள் மூன்றாமவன் நம்மை அடித்துவிடவும் செய்வான். முப்பது வருடம் கழித்தும் அந்தச் சால்னா ஊசிப்போகவில்லை.

பழைய கேம்களின் புதிய பதிப்புகளில் இப்போது ஒரு வசதி உண்டு. ஃபைனல் ஃபேன்டஸி முதல் ஆறும் பிக்சல் ரீமாஸ்டர் என்று வந்திருக்கின்றன. அதில் எதிரியே வராமல் நிறுத்தலாம், அனுபவப் புள்ளியை நான்கு மடங்காக்கலாம். நல்லதுதான், வேலைக்குப் போகிறவர்களுக்கு உதவும். ஆனால் மூன்றாவது மணி நேரத்திலேயே அந்த பட்டனைத் தேடுகிறீர்கள் என்றால், அந்தக் கடையில் உங்களுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. எழுந்துவிடலாம்.

அப்புறம் சேவ். 2012 வாக்கில் மதுரையில் கரண்ட் எப்போது போகும், எப்போது வரும் என்பது மீனாட்சிக்கே வெளிச்சம். ஃபைனல் ஃபேன்டஸி 10 விளையாடிக்கொண்டிருந்தேன். ககாசெட் மலையில் சீமோர் என்று ஒருத்தன் வழிமறிப்பான். சண்டைக்கு முன்னால் நீளமான காட்சி, பிளேஸ்டேஷன் 2-இல் அதைத் தாண்ட முடியாது. இரண்டு தடவை தோற்று, மூன்றாவது தடவை அவன் உயிர் கால்வாசிக்கு வந்திருந்தது. ஃபேன் நின்றது. டிவி நின்றது. தெருவே இருட்டு. சேவ் செய்த இடத்திலிருந்து மறுபடியும் அதே காட்சி, அதே வசனம். அன்றைக்கு நான் போட்ட சத்தத்தில் எங்கள் அம்மா அரிக்கேன் விளக்கோடு ஓடி வந்தார்.

இன்றைக்குக் கரண்ட் அப்படிப் போவதில்லை. ஆனால் குழந்தை எழும், போன் வரும், விருந்தாளி வருவார். எனவே எங்கே வேண்டுமானாலும் சேவ் செய்ய முடியுமா என்று முதலிலேயே பாருங்கள். பிக்சல் ரீமாஸ்டரில் முடியும். பெர்சோனா 5-இல் எதிரியின் கோட்டைக்குள் போய்விட்டால் குறிப்பிட்ட சில அறைகளில்தான் சேவ்.

நேரக் கணக்கை நான் இப்படிப் போடுவேன். எனக்கு இரவு பத்திலிருந்து பதினொன்று, வாரத்தில் ஐந்து நாள். ஞாயிறு மதியம் இரண்டு மணி நேரம். மொத்தம் வாரத்துக்கு 7. பெர்சோனா 5-இன் விரிவான பதிப்பான ராயல் 100 மணி நேரத்துக்குக் குறையாது. ஆடியில் தொடங்கினால் முடிய ஐப்பசி ஆகிவிடும். நடுவில் ஆயுத பூஜைக்குக் கடைக் கணக்கு முடிக்கிற பத்து நாளில் கதையே மறந்துவிடும். க்ரோனோ டிரிக்கர் 20, 25 மணி நேரம். ஒரு மாதத்துக்குள் அடங்கும். முதல் கேம் சின்னதாக இருக்கட்டும். ஒன்றை முடித்தவனுக்குத்தான் அடுத்ததை முடிக்கக் கை வரும்.

தொடர் எண்களைப் பார்த்துப் பயப்படாதீர்கள். ஃபைனல் ஃபேன்டஸி 9 விளையாட 8 தெரிந்திருக்கத் தேவையில்லை, ஒவ்வொரு எண்ணும் தனி உலகம், தனிக் கதை. பெர்சோனாவும் அப்படித்தான். டிரெய்ல்ஸ் என்ற இன்னொரு கேம் வரிசை அப்படி இல்லை, ஒன்றின் கதை அடுத்ததில் தொடரும். அதை 'டிரெய்ல்ஸ் இன் தி ஸ்கை' முதல் பாகத்திலிருந்துதான் பிடிக்க வேண்டும். என் மருமகப்பிள்ளை ஏமாறப் பார்த்தது வேறு இடத்தில்: ஃபைனல் ஃபேன்டஸி 7 ரீமேக் (2020) என்றால் 1997-இல் வந்த கதை முழுவதும் என்று நினைத்துவிட்டான். அது மிட்கார் என்ற ஒரு நகரத்தோடு நின்றுவிடும். 2024-இல் வந்த ரீபர்த் அதன் தொடர்ச்சி. அவனுடைய லேப்டாப் அதைத் திறந்தாலே ஹேர் டிரையர் மாதிரி ஊதும் என்பது தனிக்கதை.

யாரும் சொல்லாத ஒன்று: இந்த கேம்களில் சண்டையைவிடப் படிப்பதுதான் அதிகம், அதுவும் ஆங்கிலத்தில். நான் தமிழ் வழியில் படித்தவள். டிராகன் குவெஸ்ட் 11-ஐத் திறந்தபோது ஆங்கிலம் தெரிந்த மாதிரியும் இருந்தது, தெரியாத மாதிரியும் இருந்தது. ஹாட்டோ என்ற ஊரில் எல்லோரும் ஹைக்கூவாகவே பேசுகிறார்கள். கொண்டோலியாவில் இத்தாலிக்காரர் மாதிரி இழுக்கிறார்கள். கொஞ்சம் பழகிய பிறகுதான் உறைத்தது: ஒரு வெளியூர்க்காரர் தமிழ் படித்துவிட்டு வந்து, மாட்டுத்தாவணியில் இறங்கி, "அங்கிட்டுப் போய் இங்கிட்டுத் திரும்புங்க" என்பதைக் கேட்டால் முழிப்பாரே, அந்த நிலைமை எனக்கு. பழகிவிட்டால் அந்த கேமின் அழகே அதுதான். ஆனால் ஆங்கிலம் தயங்கித் தயங்கி வருகிறவர்கள் அங்கே தொடங்க வேண்டாம். பழைய கேம்களில் வசனம் சின்னது, பட்டனை அமுக்கும் வரை நிற்கும், அகராதி பார்க்க நேரம் கிடைக்கும்.

காசு விஷயம் சுருக்கமாக. டெமோ, அதாவது இலவசமாக விளையாடிப் பார்க்கக் கொடுக்கும் ஆரம்பப் பகுதி, இருந்தால் அதை விளையாடாமல் வாங்காதீர்கள். டிராகன் குவெஸ்ட் 11 எஸ் டெமோ பல மணி நேரம் ஓடும், சேவ் அப்படியே முழு கேமுக்கு வரும். ஆக்டோபாத் 2-இன் டெமோ 3 மணி நேரம், அதிலும் சேவ் தொடரும். ஸ்டீம் என்ற ஆன்லைன் கம்ப்யூட்டர் கேம் கடையில் வாங்கினால் 14 நாளைக்குள், 2 மணி நேரத்துக்குக் குறைவாக விளையாடியிருந்தால் பணத்தைத் திரும்பக் கேட்கலாம். ஆனால் பல கேம்களில் முதல் 2 மணி நேரம் வெறும் பேச்சாகவே போய்விடும், சால்னா இலைக்கு வருவதற்குள் கெடு முடிந்துவிடும். அதற்குத்தான் யூடியூப். பத்து வயதில் விளையாடியவர்கள் கொடுக்கும் பத்துக்குப் பத்தையும் கொஞ்சம் தள்ளுபடி செய்துகொள்ளுங்கள். அவர்கள் பாதி மார்க் போடுவது அந்தக் கேமுக்கு இல்லை, அந்த வயதுக்கு.

சரி, இவன் கதைக்கு வருகிறேன். க்ரோனோ டிரிக்கரைப் போனில் இறக்கிக்கொடுத்தேன், 2,000-இல் பெரும்பகுதி மிச்சம். கேம் ஒரு பொருட்காட்சியில் தொடங்கும். நம் தமுக்கம் பொருட்காட்சி மாதிரி, கடைகள், பந்தயம், பாட்டு, கூட்டம். அங்கே ஒரு மேசை மேல் யாரோ ஒருவருடைய மதியச் சாப்பாடு இருக்கும். போய் நின்று பட்டனை அமுக்கினால் தின்றுவிடலாம், உயிர் கொஞ்சம் ஏறும். அவன் என் பக்கத்தில் உட்கார்ந்து நேராக அங்கே போய்த் தின்றான். நான் எதுவும் சொல்லவில்லை.

ஊருக்குப் போன மறுநாள் ராத்திரி பதினொன்றேகாலுக்கு போன்.

"அத்தை, அந்தச் சோத்தைத் தின்னதுக்கு இப்ப கோர்ட்ல நிக்க வச்சுட்டாய்ங்க. நீங்க அன்னைக்கே சொல்லியிருக்கலாம்ல?"