வெட்டி ஒட்டும் நொதி: புளியங்கொட்டை, பார்லி, இரண்டு முழம் பூவை வைத்துப் புரிந்துகொள்ளலாம்

சிங்கப்பூரின் தேக்கா சந்தையில் போய் ‘குதிரைவால்’ என்று கேட்டால் குதிரைவாலி அரிசியைத்தான் எடுத்துக் கொடுப்பார்கள். நமக்கு வேண்டியது அதுவல்ல. இலையே இல்லாதது போல, பச்சைக் குழல்களாக நிமிர்ந்து நிற்கும் ஒரு செடி. கணுவுக்குக் கணு கறுப்பு வளையம் இருக்கும். தாவரவியலில் ஈக்விசீட்டம் என்பார்கள். சிங்கப்பூரில் நீளத் தொட்டிகளில் அழகுக்காக வளர்ப்பார்கள். சின்ன மூங்கில் என்று நினைத்துக் கடந்து போயிருப்பீர்கள். இது பூக்காது, காய்க்காது. 30 கோடி ஆண்டுகளுக்கு முன் இதன் உறவினங்கள் மரமாகவே வளர்ந்து நின்றன.

இதன் செல்சுவரில் ஒரு நொதி (என்சைம்) இருக்கிறது. நொதி என்றாலே உடைப்பது, செரிப்பது என்றுதான் நம் மனத்தில் பதிந்திருக்கிறது. இது ஒரு வகைச் சர்க்கரைச் சங்கிலியை வெட்டி, வேறொரு வகைச் சங்கிலியோடு ஒட்டுகிறது. இதைக் கையால் செய்து பார்த்தால் சட்டென்று விளங்கும்.

1. செடியைத் தொட்டுப் பாருங்கள்

தாவர விற்பனைக் கடையில் ஒரு தொட்டி வாங்குங்கள். பூங்காவில் இருப்பதைக் கிள்ள வேண்டாம், அது சட்டப்படி குற்றம். இதற்கு ஈரம் பிடிக்கும். ஆனாலும் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி நடைபாதையில் தட்டில் தண்ணீர் தேங்க விடாதீர்கள், ஏடிஸ் கொசு முட்டையிடும். தினமும் மண்ணில் ஊற்றினால் போதும்.

ஒரு தண்டை வெட்டி, நகத்தின் மேல் மெல்லத் தேயுங்கள். உப்புத்தாள் போல அராவும். தண்டின் மேல்தோலில் சிலிக்கா படிந்திருப்பதே காரணம். பாத்திரம் துலக்கவும் மரத்தை மழமழப்பாக்கவும் இதைப் பயன்படுத்தியிருக்கிறார்கள். அதனால் தண்டின் விறைப்பு முழுவதையும் நொதியின் கணக்கில் எழுதிவிட வேண்டாம்.

2. முதல் சங்கிலி: பார்லி

பார்லி இரண்டு கரண்டி, தண்ணீர் இரண்டு குவளை. அரை மணி நேரம் சிறு தீயில் கொதிக்கட்டும். வடித்த நீரை விரலிடையில் தேய்த்தால் வழுவழுப்பு தெரியும். காப்பிக்கடையில் வாங்கிக் குடிக்கிற அதே பார்லித் தண்ணீர்தான். மாவுச்சத்தும் இதில் இருக்கிறது. ஆனால் நாம் தேடுவது பீட்டா குளுக்கானை. குளுக்கோஸ் மட்டுமே கோத்த சங்கிலி அது. பெரும்பாலும் நேராகப் போகும், மூன்று நான்கு குளுக்கோஸுக்கு ஒருமுறை பிணைப்பு மாறி, ஒரு வளைவு வரும். புல் குடும்பத்துக்கே உரியது என்று நெடுநாள் நினைத்திருந்த இந்தச் சங்கிலி, குதிரைவால் செடியிலும் இருப்பது 2008இல் வெளிவந்தது. நம் குதிரைவாலியும் புல்தான் என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் வியப்பாக இருக்கிறது.

3. இரண்டாவது சங்கிலி: புளியங்கொட்டை

கொட்டை எடுக்காத புளி வாங்கி, பத்துப் பதினைந்து கொட்டைகளைக் கழுவி வெறும் சட்டியில் வறுங்கள். தோல் வெடித்ததும் தேய்த்து உரித்துவிட்டு, வெள்ளைப் பருப்பை இரவு முழுக்க ஊறவைத்து அரையுங்கள். அரை குவளை நீர் விட்டுக் கிளறிக்கொண்டே காய்ச்சுங்கள். கொழகொழவென்று பசையாக வரும். நெசவு நூலுக்குக் கஞ்சி போட இதைத்தான் பயன்படுத்துவார்கள்.

இந்தப் பசை சைலோகுளுக்கான். நடுத்தண்டு குளுக்கோஸ், பக்கவாட்டில் சைலோஸ், கேலக்டோஸ் என்னும் வேறு சர்க்கரைகளாலான சின்னச் சின்னக் கிளைகள். பெரும்பாலான தாவரங்களின் செல்சுவரில் இது செல்லுலோஸ் இழைகளைத் தழுவிக்கொண்டிருக்கும். உலகெங்கும் ஆய்வுக்கூடங்கள் இதைப் பெரும்பாலும் புளியங்கொட்டையிலிருந்துதான் எடுக்கின்றன.

4. வெட்டி ஒட்டுங்கள்

தேக்காவில் மல்லிகை ஒரு முழம், கதம்பம் ஒரு முழம் வாங்குங்கள். கட்டிய சரமாக இருக்கட்டும், கோத்த மாலையை வெட்டினால் பூ உதிர்ந்துவிடும். ஒரே பூவாக இருக்கும் மல்லிகை பீட்டா குளுக்கான். மருவும் மரிக்கொழுந்தும் நீட்டிக்கொண்டிருக்கும் கதம்பம் சைலோகுளுக்கான்.

இப்போது நீங்கள்தான் நொதி. மல்லிகையின் நடுவில் வெட்டுங்கள். ஒரு துண்டு கீழே விழட்டும், மற்றதன் வெட்டுமுனையை விரலிலிருந்து விடாதீர்கள். இந்தப் பிடிதான் முக்கியம். நொதி உண்மையிலேயே அந்த முனையைத் தன்மேல் பிணைத்து வைத்துக்கொள்கிறது. அடுத்து, கதம்பத்தின் நுனியை எடுத்து அந்த முனையோடு முடிச்சுப் போடுங்கள். பாதி மல்லிகை, பாதி கதம்பமாக ஒரே சரம். ஒரு பிணைப்பு போனது, ஒரு பிணைப்பு வந்தது. சாதாரண செரிமான நொதியில் கதம்பத்தின் இடத்தில் தண்ணீர் வந்துவிடும், அதனால் துண்டு துண்டாகவே நின்றுவிடும்.

கதம்பத்தை வெட்டிக் கதம்பத்தோடே ஒட்டும் நொதிகள் கீரை முதல் தென்னை வரை எங்கும் உண்டு. அவை 1992இலேயே தெரியவந்தன. மல்லிகையைக் கதம்பத்தோடு ஒட்டும் வேலையைக் குதிரைவால் செடியில் எடின்பரோ பல்கலைக்கழகத்தினர் கண்டார்கள். அதைச் செய்யும் நொதியைத் தனியே அடையாளம் கண்டு 2015இல் வெளியிட்டார்கள். அது செல்லுலோஸையும் வெட்டி சைலோகுளுக்கானோடு ஒட்டுகிறது. முற்றிய தண்டில் இந்த வேலை அதிகம் நடப்பதால், வளர்ந்து முடிந்த சுவரை உறுதிப்படுத்தத்தான் என்று கருதுகிறார்கள்.

5. ஆய்வுக்கூடத்தில் எப்படிப் பார்க்கிறார்கள்?

இதை வீட்டில் செய்ய முடியாது, ஆனால் உத்தி அழகானது. வடிதாளில் நீளச் சங்கிலியைப் பூசி உலர்த்துவார்கள். கூடவே, ஒளிரும் சாயம் கட்டிய குட்டிச் சைலோகுளுக்கான் துண்டுகளையும் ஏற்றுவார்கள். செடிச்சாறு ஒரு சொட்டு வைத்து, காயாமல் மூடி, சில மணி நேரம் கழித்துக் கழுவுவார்கள். குட்டித் துண்டு தனியாக இருந்தால் கழுவலில் ஓடிவிடும். நொதி அதை நீளச் சங்கிலியோடு ஒட்டியிருந்தால், சங்கிலி தாளைப் பற்றிக்கொள்வதால் சாயமும் தங்கிவிடும். புற ஊதா விளக்கில் சொட்டு வைத்த இடம் மட்டும் ஒளிரும்.

மூன்று தாள்களாவது வேண்டும்: சைலோகுளுக்கான் பூசியது, பீட்டா குளுக்கான் பூசியது, எதுவும் பூசாதது. கொதிக்கவைத்த சாற்றையும் பக்கத்திலேயே ஒரு சொட்டு வைக்க வேண்டும். வெப்பத்தில் நொதி செயலிழந்துவிடும் என்பதால் அந்த இடம் இருண்டே இருக்க வேண்டும். அதுவும் ஒளிர்ந்தால் கழுவியது போதாது, மறுபடி கழுவிவிட்டு விளக்கைப் போடுங்கள்.