கோணல் கட்டையிலிருந்து ஒரு வில்: முதல்முறை செய்பவர்களுக்கு

வில் செய்ய ஆசைப்படுபவர்களில் பலர் மரம் தேடுவதோடு நின்றுவிடுகிறார்கள். வளைவு நெளிவு இல்லாமல், முண்டு முடிச்சு இல்லாமல் ஆறடிக் கட்டை கிடைத்தால்தான் கை வைக்கலாம் என்று நினைக்கிறார்கள். அப்படி எதுவும் இல்லை. டென்மார்க்கின் ஹோல்மகோர் சதுப்பு நிலத்தில் 1944-ல் கிடைத்த எல்ம் மர விற்கள் ஏறக்குறைய 9,000 ஆண்டுகள் பழையவை. இரும்பையே அறியாத மனிதர்கள் கல் கருவியால் செதுக்கியவை அவை. மரக்கடையில் பலகை பொறுக்கும் வசதி அவர்களுக்கு இருக்கவில்லை.

வில்லை இழுக்கும்போது இலக்கைப் பார்க்கும் பக்கம் நீள்கிறது. நம்மைப் பார்க்கும் பக்கம் நசுங்குகிறது. முன்னதை முதுகு என்றும் பின்னதை வயிறு என்றும் சொல்கிறேன். முதுகில் ஓடும் நார் ஒரு நுனியிலிருந்து மறு நுனிவரை அறுபடாமல் இருந்தால், கட்டை பாம்பு மாதிரி நெளிந்திருந்தாலும் வில்லாகும். நார் குறுக்கே அறுபட்டிருந்தால், நூல் பிடித்தது போன்ற பலகையும் ஒடியும். இந்த விளக்கம் முழுவதும் இந்த ஒன்றைச் சுற்றித்தான்.

எந்தக் கட்டையை எடுக்கலாம்

மூன்று, நான்கு அங்குல விட்டமுள்ள தண்டு போதும். லேசான வளைவு, சின்னச் சின்ன முண்டு, கொஞ்சம் முறுக்கு எல்லாம் பரவாயில்லை. உளுத்தது, பூச்சி துளைத்தது, மரத்திலேயே காய்ந்து செத்த கிளை, முதுகில் குறுக்கு விரிசல் உள்ளது ஆகியவற்றை எடுக்கவே வேண்டாம். முறுக்கு எவ்வளவு என்று பட்டையின் கோடுகளே காட்டும். ஒரு முனையிலிருந்து மறு முனைக்குள் கால் சுற்றுக்கு மேல் சுற்றினால் வேறு கட்டை பாருங்கள். மரம் கனமாக, கெட்டியாக இருப்பது நல்லது. விரல் நகம் எளிதாகப் பதியும் மரத்தில் நேரத்தைச் செலவிடாதீர்கள்.

நீளக் கணக்கு: நீங்கள் இழுக்கும் தூரத்தைப் போல் இரண்டு மடங்கு, அதற்கு மேல் பத்து அங்குலம். 28 அங்குலம் இழுப்பவருக்கு 66 அங்குலம். மரத்தின் மேல் சந்தேகம் இருந்தால் இன்னும் இரண்டு அங்குலம் கூட்டுங்கள். சுமாரான மரத்துக்கு நீளமும் அகலமும்தான் துணை.

பிளத்தலும் காயவைத்தலும்

வெட்டிய அன்றே இரண்டு முனைகளிலும் பெயிண்ட்டோ மரப்பசையோ பூசுங்கள். இல்லாவிட்டால் ஈரம் முனை வழியாக வேகமாக வெளியேறி விரிசல் விடும். ரம்பத்தால் அறுக்காமல் ஆப்பு அடித்துப் பிளப்பது மேல். ஆப்பு நாரோட்டத்தின் வழியிலேயே போகும், ரம்பம் போகாது.

பச்சைக் கட்டையை முழுதாகக் காயவிட்டால் மாதக்கணக்கில் ஆகும். உத்தேசமாக வில் வடிவத்துக்குக் குறைத்து, நேரான பலகையோடு சேர்த்து இறுகக் கட்டி, காற்றோட்டமான நிழலில் வையுங்கள். அவ்வப்போது தராசில் நிறுத்து எழுதி வாருங்கள். எடை குறைவது நின்றால் காய்ந்துவிட்டது. ஈரமான மரத்தை வளைத்தால் அந்த வளைவு அப்படியே தங்கி, வில் சோம்பிப்போகும்.

முதுகு

வெளிர் நிற மரங்களில் பட்டைக்கு அடியில் இருக்கும் பரப்பையே முதுகாக வைத்துக்கொள்ளலாம். பட்டையை உரித்து, உட்பட்டையை மழுங்கிய கத்தியால் சுரண்டுங்கள். மரத்தில் ஒரு கீறல்கூட விழக்கூடாது. வைரம் பாய்ந்த பகுதியை முதுகாக்குவதானால், ஒரே ஆண்டு வளையத்தை முழு நீளத்துக்கும் பின்தொடர்ந்து செதுக்க வேண்டும். முதல் வில்லுக்கு அந்தச் சிரமம் வேண்டாம்.

முதுகு மேடு பள்ளமாக இருக்கிறதே என்று இழைப்புளியை எடுத்துவிடாதீர்கள். அந்த மேடும் பள்ளமும் அப்படியே இருக்கட்டும். சமன் செய்தால் நார் அறுபடும், அங்கேதான் ஒடியும்.

கோடு போடுதல்

நடுவில் நான்கு அங்குலம் கைப்பிடி, அகலம் ஒன்றேகால். அதிலிருந்து இருபுறமும் இரண்டு அங்குலத்துக்குள் முழு அகலமான இரண்டு அங்குலத்துக்கு விரியட்டும். பாதித் தூரம் வரை அதே அகலம்; பிறகு ஒடுங்கி நுனியில் அரை அங்குலம்.

கோட்டை அளவுகோல் வைத்து நேராக இழுக்க வேண்டாம். நார் எங்கே வளைகிறதோ அங்கே கோடும் வளையட்டும். முண்டு வரும் இடத்தில் நார் அதைச் சுற்றிப் பிரிந்து மறுபடி சேர்வதைக் கூர்ந்து பார்த்தால் தெரியும். பென்சிலும் அதோடு சேர்ந்து வெளியே ஒதுங்க வேண்டும். ஓரத்தில் முண்டு இருந்தால் அதை வெட்டிச் சமப்படுத்தாமல், அந்த இடத்தில் மட்டும் அகலத்தைக் கூட்டி விடுங்கள்.

பிறகு இரண்டு நுனிகளுக்கும் இடையே ஒரு நூலை இழுத்துப் பிடியுங்கள். அது கைப்பிடியின் மேல் சென்றால் போதும், இடையில் வில் எப்படி நெளிந்தாலும் சரி. கைப்பிடியை விட்டு விலகினால் ஆவியில் வேகவைத்துத் திருத்தலாம். அங்குலத் தடிமனுக்கு ஒரு மணி நேரம் ஆவி, உடனே வளைத்துப் பிணைத்துவிட வேண்டும். மறுபடி நன்றாகக் காய்ந்த பிறகே அடுத்த வேலை.

தடிமன்

கைப்பிடியைக் கனமாகவே விட்டு, இரு பாதிகளையும் முக்கால் அங்குலத்துக்குக் கொண்டுவாருங்கள். வயிற்றுப் பக்கத்திலிருந்து மட்டும்தான் மரம் எடுக்க வேண்டும். அகலத்தை இரட்டிப்பாக்கினால் விறைப்பு இரட்டிப்பாகும். தடிமனை இரட்டிப்பாக்கினால் எட்டு மடங்காகும். தடிமனில் பத்து சதவீதம் குறைந்தாலே விறைப்பில் கால்வாசிக்கு மேல் போய்விடும். அதனால் கைக்கோடரியோடு முரட்டு வேலை இங்கேயே முடிகிறது. இனி அரமும் சுரண்டியும்தான்.

வளைத்துப் பழக்குதல்

ஒரு நுனியைத் தரையில் ஊன்றி, கைப்பிடியை அழுத்தி வளைத்துப் பாருங்கள். இரு பாதிகளும் கொஞ்சமாவது வளைந்ததும், நுனிகளில் வட்ட அரத்தால் பக்கவாட்டில் நாண் மாட்டுவதற்கான காடி (சிறு பள்ளம்) போடுங்கள். காடி முதுகுக்குள் ஏறக்கூடாது. தொளதொளவென்று நீளமான நாணை மாட்டி, கைப்பிடியைச் சுவரில் பொருத்திய கட்டையில் உட்காரவைத்து, கயிறும் கப்பியும் வைத்துக் கீழே இழுங்கள். தள்ளி நின்று பார்ப்பதற்கும் ஒடிந்தால் முகத்தில் படாமல் இருப்பதற்கும் இதுவே வழி. கண்ணாடி அணிந்துகொள்ளுங்கள்.

கண் ஏமாற்றும், அதுவும் நெளிந்த கட்டையில் நிச்சயம் ஏமாற்றும். ஐந்து அங்குலச் சின்னத் தட்டைக் கட்டையின் நடுவில் துளையிட்டுப் பென்சிலைச் செருகுங்கள். வில்லை வளைத்த நிலையில் வைத்து, வயிற்றில் அதிகம் வளைந்த இடத்தில் கட்டையை வைத்து, பென்சில் முனை மரத்தைத் தொடாமல் மயிரிழை விலகி நிற்கும்படி சரிசெய்யுங்கள். பிறகு வயிறு நெடுகத் தேயுங்கள். வளையாமல் விறைத்து நிற்கும் இடத்தில் மட்டும் கோடு விழும். அந்தக் கோட்டை மட்டும் சுரண்டுங்கள். ஒரே இடத்தில் அதிகம் மடிந்தால் அங்கே இனி கை வைக்கக்கூடாது. மற்ற இடங்களை இளக்கி அதற்குச் சமமாகக் கொண்டுவர வேண்டும். முண்டுள்ள இடம் கொஞ்சம் விறைப்பாக நிற்கட்டும்.

ஒவ்வொரு முறை சுரண்டிய பிறகும் இருபது, முப்பது தடவை மெதுவாக இழுத்து விடுங்கள். அதுவரை மரம் மாற்றத்தைக் காட்டாது. இதைப் பொறுமையாகச் செய்பவர்களின் வில் நிலைக்கிறது.

முழு இழுப்பில் வில்லை இழுக்க 35 பவுண்டு விசை வேண்டும் என்பது உங்கள் இலக்கு என்றால் எந்தக் கட்டத்திலும் 35-க்கு மேல் இழுக்காதீர்கள். கொக்கித் தராசை மாட்டி, 35 எந்த அங்குலத்தில் வருகிறது என்று பாருங்கள். முதலில் 12-ல் வரலாம். சுரண்டச் சுரண்ட அது 15, 18 என்று கீழே இறங்கும். இரு பாதிகளும் சமமாக வளைந்ததும் நாணைக் குறுக்கி ஏற்றுங்கள். கைப்பிடிக்கும் நாணுக்கும் இடையே முதலில் மூன்று அங்குலம், பிறகு மெல்ல ஆறு. 26-ல் 35 வந்ததும் அரத்தைக் கீழே வைத்துவிடுங்கள். கடைசி இரண்டு அங்குலம் உப்புத்தாள் தேய்ப்பதிலும் எய்து பழகுவதிலும் தானாக வரும்.

வயிற்றில் மெல்லிய குறுக்குக் கோடுகள் தெரிந்தால் அங்கே மரம் நசுங்குகிறது என்று பொருள். முதுகில் ஒரு சிலாம்பு எழும்பினால் இழுப்பதை உடனே நிறுத்துங்கள். சின்னதாக இருந்தால் மெல்லிய பசையை ஊறவிட்டு, நூலால் நெருக்கிச் சுற்றிக் காப்பாற்றலாம்.

முடிப்பு

ஓரங்களை உருட்டி, உப்புத்தாள் தேய்த்து, எண்ணெயோ மெழுகோ பூசுங்கள். அம்பு இல்லாமல் நாணை இழுத்து விடவே கூடாது. அம்புக்குப் போக வேண்டிய விசை முழுவதும் மரத்துக்குள்ளேயே பாயும். முழு இழுப்பில் இரண்டு, மூன்று நொடிக்கு மேல் நிறுத்தாதீர்கள். எய்து முடித்ததும் நாணை இறக்கி, வில்லைப் படுக்கையாக இரண்டு ஆணிகளின் மேல் வையுங்கள்.